ஒரு லட்சம் வரிசைகளைப் பூட்டினால் நினைவகம் எவ்வளவு?

முதுகலைத் தேர்வில் தரவுத்தளப் பாடத்தில் வந்த கேள்வி இது: ஒரே பரிவர்த்தனை (ஒன்றாக முடியும் அல்லது ஒன்றாக ரத்தாகும் கட்டளைத் தொகுதி) ஒரு லட்சம் வரிசைகளை மற்றவர்கள் மாற்றாதபடி பூட்டினால், அவற்றைக் கணக்கில் வைக்க போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் எவ்வளவு நினைவகம் எடுக்கும்? ஒரு பூட்டுக்கு இத்தனை பைட் என்று வைத்துக்கொண்டு ஒரு லட்சத்தால் பெருக்கி எழுதினேன். மதிப்பெண் போயிற்று. எல்லாப் பூட்டுகளும் நினைவகத்திலுள்ள ஒரு பட்டியலில் ஏறும் என்று படித்ததை எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொதுவென்று நம்பியிருந்தேன்.

இந்தப் பாடத்துக்குத் தயாராகிறவர்கள் வரையறைகளை மனப்பாடம் செய்யும் முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, போஸ்ட்கிரெஸை நிறுவி இரண்டு முனையச் சாளரங்களைத் திறந்துகொள்ளுங்கள். மூன்று வரிசைகள் கொண்ட அட்டவணை போதும். முதல் சாளரத்தில் பரிவர்த்தனையைத் தொடங்கி, 'செலெக்ட் ஃபார் அப்டேட்' கட்டளையால் ஒரு வரிசையைப் பூட்டுங்கள். இரண்டாவதில் அதே வரிசையின் எக்ஸ்மேக்ஸ் என்னும் மறைநெடுவரிசையைக் கேட்டுப் பாருங்கள். சுழியமாக இருந்த இடத்தில் முதல் பரிவர்த்தனையின் எண் வந்திருக்கும். பூட்டு அந்த வரிசையின் தலைப்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது! லட்சம் வரிசைகள் என்றாலும் குறிப்பு அந்தந்த வரிசையில்தான்; நினைவகத்துக்குச் சுமை ஏறுவதில்லை. ஆனால் வரிசைகள் இருக்கும் பக்கம் மாறுவதால் வட்டில் எழுத வேண்டியிருக்கும். தேர்வில் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து இரண்டாவது சாளரத்தில் அதே வரிசையைத் திருத்த முயலுங்கள். அது காத்து நிற்கும். மூன்றாவதாக ஒரு சாளரம் திறந்து, நடப்புப் பூட்டுகளைக் காட்டும் பிஜி_லாக்ஸ் காட்சியைப் பார்த்தால், அது காத்திருப்பது முதல் பரிவர்த்தனையின் எண்ணுக்காக என்று தெரியும். அந்தப் பரிவர்த்தனை முடிந்தால் போதும், வழி திறக்கும். என்னை வியக்க வைத்தது அதற்குப் பின் நடந்தது. காத்திருந்த திருத்தத்தை நிறுத்திவிட்டு முதல் பரிவர்த்தனையை ரத்து செய்தபின் அந்த எக்ஸ்மேக்ஸ் எண்ணைப் பார்த்தால், அது அழியாமல் அப்படியே இருக்கிறது. பூட்டைத் திறக்க யாரும் ஒவ்வொரு வரிசையாகப் போய் அழிப்பதில்லை. அந்த எண்ணுக்குரிய பரிவர்த்தனை உயிரோடு இருக்கிறதா என்று அடுத்து வருபவர் விசாரித்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

சேமிப்பு முறையையும் இதே சோதனையில் பிடித்துவிடலாம். வரிசை இருக்கும் இடத்தைக் காட்டும் சிடிஐடி என்பது பக்க எண்ணும் அதற்குள் இட எண்ணும் சேர்ந்த இணை. ஒரு வரிசையைத் திருத்தினால் (0,1) என்பது (0,4) ஆகிவிடும். பழைய பிரதி இருந்த இடத்திலேயே கிடக்கும். 8192 பைட் பக்கத்தில் வரிசைகளைக் காட்டும் சுட்டிகள் முன்னிருந்தும் வரிசைகள் பின்னிருந்தும் வளர்கின்றன. பேஜ்இன்ஸ்பெக்ட் நீட்டிப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மற்ற தரவுத்தளங்களை ஒப்பிட்டு எழுதச் சொன்னால் சுருக்கமாக இவ்வளவு போதும். ஆரக்கிளிலும் பூட்டு தரவோடுதான்: வரிசையின் பூட்டு பைட், பிளாக்கின் (ஆரக்கிளில் பக்கத்தின் பெயர்) தலையிலுள்ள பரிவர்த்தனைப் பட்டியலில் ஓர் இடத்தைச் சுட்டும். எஸ்கியூஎல் சர்வர் பூட்டுகளை நினைவகத்தில் வைக்கிறது. ஓர் அட்டவணையில் ஒரே கட்டளை சுமார் 5000 பூட்டுகளைத் தாண்டினால் அட்டவணை முழுவதையும் பூட்ட முயலும். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியும் நினைவகத்தில்தான் வைக்கிறது, ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு பிட் வரைபடமாக.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இரண்டு சாளரங்களும் ஒரே வரிசையை பலர் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய 'ஃபார் ஷேர்' முறையில் பூட்டினால், எக்ஸ்மேக்ஸில் இரண்டு பரிவர்த்தனைகளின் எண்ணும் இருக்காது. அது கூட்டுப் பூட்டுகளுக்கென்று தனியாக வழங்கப்படும் எண். புதிதாக நிறுவிய தரவுத்தளத்தில் ஒற்றை இலக்கமாகவே வரக்கூடும். அதைக் கண்டு சோதனை தவறிவிட்டது என்று நினைத்து இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன்.