அந்த வரியில் நின்றுவிடுகிறான்

மார்ச் 5, 2025, புதன்

திருநீற்றுப் புதன். பங்குச் சுவாமி வீட்டுக்கே வந்து அம்மாவின் நெற்றியில் சாம்பல் பூசினார். வலது கை எழவில்லை, அம்மா இடது கையால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

இரவுச் செபம் அம்மாவின் கட்டிலடியில்தான். தண்ணீர் என்று கேட்பதற்கே சொல்லைத் தேடித் தேடிக் களைத்துப்போகிறவர், அருள் நிறைந்த மரியே தொடங்கியதும் ஒரு சொல் பிசகாமல் சொல்கிறார். பாரிசவாதத்தில் பேச்சு போனாலும் மனப்பாடமான செபமும் பாட்டும் சிலருக்குத் தப்பி நிற்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். காதால் கேட்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

பரலோக மந்திரத்தில் ஓரிடத்தில் என் மகன் வாயை மூடிக்கொண்டான். தீமை செய்தவர்களைப் பொறுக்கும் வரி. அது கடந்ததும் மறுபடி சேர்ந்துகொண்டான்.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் அதே இடத்தில்.

மார்ச் 9, ஞாயிறு

டியூஷன் ஆசிரியர் ஞாயிறு காலையில் மேலதிக வகுப்பு வைக்கப்போகிறாராம். மகனை அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மறைக்கல்வி நேரத்தில் கணிதம் படித்துத்தான் பிள்ளை முன்னேற வேண்டும் என்றால் அந்த முன்னேற்றம் கொஞ்சம் பிந்தி வரட்டும்.

மகள் முதல் நன்மைக்கு, முதன்முறையாக நற்கருணை வாங்குவதற்கு, படிக்கிறாள். பத்துக் கட்டளைகளையும் மூச்சு விடாமல் ஒப்புவித்தாள். “பிறர் உடைமை மீது ஆசை கொள்ளாதே என்றால் என்ன மகள்?” என்று கேட்டேன். அண்ணாவின் வர்ணப் பெட்டியைப் பார்த்துவிட்டு, “எடுக்கக் கூடாது, ஆனால் பார்க்கலாம்” என்றாள். ஒப்புவித்ததைவிட அந்தப் பதில்தான் எனக்குப் பிடித்தது.

மார்ச் 12, புதன்

மகன் ஏன் நிறுத்துகிறான் என்று எனக்குத் தெரியும். இந்த வீடு எனக்குச் சீதனமாக எழுதப்பட்டது, இங்கே வழமையும் அதுதான். அதோடு சேர்ந்த தென்னங்காணியின் உறுதிப் பத்திரத்தைக் கேட்டு அண்ணா படலையில் நின்று போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. “பெற்ற கடனுக்கு என்ன செய்தாய்” என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். மகன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கிழமையிலேயே அம்மா கிணற்றடியில் விழுந்தார். அண்ணா வைத்தியசாலைக்கும் வரவில்லை.

“மாமாதான் அம்மம்மாவை விழுத்தினார்” என்கிறான். இரத்த அழுத்தத்தைப் பற்றியும், அம்மா ஒழுங்காகப் போடாத குளிசைகளைப் பற்றியும் விளக்கிச் சொன்னேன். கேட்டான். ஏற்றுக்கொள்ளவில்லை.

பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, “இரண்டு தட்டுத் தட்டிச் சொல்ல வை, செபத்தில் பாதியை விழுங்கும் பழக்கம் கூடாது” என்கிறார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தட்டினால் சொல்வான், நாளைக்கே சொல்வான். மனதில் இல்லாததைக் கடவுள் முன்னிலையில் சொல்வதற்கு என் கையாலேயே பழக்கியதாகிவிடும். வாய் மூடி நிற்கிறவன் அந்த வரியின் பொருளை அறிந்தே நிற்கிறான். கடகடவென்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அதை யோசித்திருப்போம்?

ஆனால் அப்படியே விட்டுவிடவும் பயமாக இருக்கிறது. பதினொரு வயதில் தொடங்கும் வெறுப்பு எங்கே போய் நிற்கும்? அண்ணாவுக்கும் இப்படி ஒரு வயதில்தான் ஏதோ ஒன்று தொடங்கியிருக்குமோ?

மார்ச் 15, சனி

இன்றிலிருந்து படுக்கைக்கு முன் யோசேப்பின் கதை. அங்கியில் தொடங்கினோம்.

மார்ச் 20, வியாழன்

காத்தான்குடியிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தது. அம்மாவை அன்று வைத்தியசாலைக்கு ஏற்றிப்போன முச்சக்கர வண்டிக்காரரின் வீட்டிலிருந்து. இந்த முறை அவர்களுடைய நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக ஓடுகின்றன. கஞ்சி குழைவாக இருந்ததால் அம்மாவுக்கும் ஊட்ட முடிந்தது.

வகுப்பில் ஒருவன் முஸ்லிம்களிடம் எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்றானாம். மகன் வந்து சொன்னான். 2019 உயிர்த்த ஞாயிறு தேவாலயங்களில் குண்டு வெடித்ததை முழுவதுமாக அவனுக்குச் சொல்ல வேண்டிய நாள் இது என்று பட்டது. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம், ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள், குண்டைக் கொண்டுவந்தவன். ஒன்றையும் மறைக்கவில்லை. அதைச் செய்தவர்கள் இன்னார், கஞ்சி கொண்டுவந்தவர் வேறொருவர், அவர் அம்மம்மாவைத் தூக்கி வண்டியில் ஏற்றினார், கூலியும் வாங்கவில்லை. இரண்டையும் கலந்து பேசுகிறவன் உன் நண்பனாக இருந்தாலும் அது பொய், பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்குள் அதுவும் அடங்கும் என்றேன்.

வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் இந்தச் செபத்தை முழுவதும் சொல்வார்களா?” என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

பாப்பரசர் பிரான்சிஸ் வைத்தியசாலையிலிருந்து வெளியே வந்துவிட்டார். பெப்ரவரி 14இலிருந்து உள்ளே இருந்தவர். மகள் ஒவ்வொரு இரவும் அவரையும் அம்மம்மாவையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொடுத்து வந்தாள், இப்போது பாதி கேட்கப்பட்டுவிட்டது என்கிறாள்.

மார்ச் 27, வியாழன்

சகிக்க முடியாத நாள். அம்மா இரவு முழுக்கத் தூங்கவில்லை, நானும்தான்.

ஏப்ரல் 4, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே பதினான்கு நிலைகளையும் சொன்னோம், சீமோன் சிலுவை சுமக்கும் இடத்தில் மகள் தூங்கிவிட்டாள்.

பிறகு அறைக்குள் போனால் மகன் அம்மாவின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருக்கிறான். விரல்கள் உள்ளே மடங்கி இறுகிவிட்டதால் நகம் உள்ளங்கையில் அழுத்தித் தடம் பதிந்திருந்தது. நான் கவனிக்காததை அவன் கவனித்திருக்கிறான். வெந்நீரில் நனைத்த துவாயைச் சுற்றி, சற்றுப் பொறுத்து, பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக நெகிழ்த்தினான். பிசியோதெரபி செய்ய வருகிறவர் காட்டிக்கொடுத்த முறை. சின்ன விரலில் நகவெட்டி புகவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சாய்த்துச் சாய்த்து வெட்டினான். அம்மாவின் கண்கள் அவன் முகத்திலேயே இருந்தன. வெட்டிய துண்டுகளைப் பொறுக்கிக் கடதாசியில் மடித்துக் குப்பையில் போட்டான்.

யாரும் சொல்லிச் செய்யவில்லை. இந்தப் பிள்ளையைப் பற்றியா நான் இரவிரவாகப் பயந்துகொண்டிருக்கிறேன்? ஆமாம், அதே பிள்ளையைப் பற்றித்தான். செபத்தில் இன்றும் நின்றான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

யோசேப்பின் கதை நான் நினைத்ததைவிட நீளம். பிள்ளைகளுக்கான புத்தகங்களில் தானியம் வாங்க வந்த சகோதரர்களை அவர் உடனே கட்டிப்பிடித்து அழுகிறார். தொடக்க நூலில் அப்படி இல்லை. அவர்களை மூன்று நாள் காவலில் வைக்கிறார், சிமியோனைப் பிணையாகப் பிடிக்கிறார், பென்யமினின் சாக்கில் வெள்ளிக் கிண்ணத்தை ஒளித்துவைக்கச் சொல்கிறார். இடையில் தனியே போய் அழுகிறார். பென்யமினுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்துகிறார். 42ஆம் அதிகாரத்திலிருந்து 45 வரை பொறுத்திருக்க வேண்டியிருக்கிறது.

மகன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். “அவருக்கும் உடனே முடியவில்லையா?” முடியவில்லை, மகன். “கடவுள் அவரோடு கோபித்தாரா?” அப்படி எங்கேயும் எழுதியில்லை.

இந்த இடைப்பட்ட அதிகாரங்களைப் பிள்ளைகளிடமிருந்து ஏன் எடுத்துவிடுகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

நாளை புத்தாண்டு. அண்ணாவுக்கு அழைப்பு எடுத்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

“அம்மா, நீங்கள் மாமாவை மன்னித்துவிட்டீர்களா?”

கல்லடிப் பாலத்தில் பஸ்ஸுக்குள் வைத்துக் கேட்டான், சனம் நிறைய இருந்தது. முடிந்த வரைக்கும் செய்கிறேன், முடியாததைத் தரச்சொல்லிக் கேட்கிறேன், அதனால்தான் அந்த வரியை நிறுத்தாமல் சொல்கிறேன் என்றேன். வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

அல்லேலூயாவில் அம்மாவின் குரல் தெருவரை கேட்டிருக்கும்.

ஏப்ரல் 21, திங்கள்

குண்டுவெடிப்பு நடந்து ஆறு ஆண்டுகள். அதே நாளில் பாப்பரசரும் போய்விட்டார், மத்தியானம் செய்தி வந்தது. நேற்றுத்தானே சதுக்கத்தில் சனத்துக்கு ஆசீர் கொடுத்தார்.

மகள் அம்மாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. “இரண்டு பேருக்கும் சேர்த்துத்தானே கேட்டேன்” என்று அழுகிறாள். செபம் கேட்டதைக் கொடுக்கும் கடை இல்லை என்று எட்டு வயதுக்கு எப்படிச் சொல்வது? பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அண்ணன்காரன் வந்து தன் வர்ணப் பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 23, புதன்

அண்ணா அழைத்தார். சனிக்கிழமை வருகிறாராம். காணியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, “அம்மா ஆளை அடையாளம் பிடிக்கிறாரா” என்று மட்டும் கேட்டார்.

மகனிடம் இன்றிரவே சொல்லிவிட வேண்டும், படலை திறக்கும்போதுதான் அவன் அறியக் கூடாது. வீட்டில் இருப்பதா, வெளியே போய்விடுவதா என்பதை அவனே முடிவு செய்யட்டும். அண்ணாவுக்கு வாவி இறால் பிடிக்கும், வெள்ளிக்கிழமையே சொல்லி வைக்க வேண்டும்.