எண்ணெய் குறையல, எடம் மாறிப்போச்சு

போன மாசம் கோயமுத்தூர் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல ரெண்டாவது செஷன், மூணாவது கியர்ல ஒரு நீளமான வளைவு, ஆக்சிலரேட்டர் முழுசா அமுத்தி வெச்சிருக்கேன், எதேச்சையா கண்ணு ஆயில் பிரஷர் மீட்டர் பக்கம் போச்சு. 4 பார்ல நிக்க வேண்டிய முள்ளு 1-க்குப் பக்கத்துல கெடக்கு. பட்டுனு காலை எடுத்தேன், வண்டி நேரானதும் முள்ளு மறுபடி ஏறிடுச்சு, டேஷ்போர்டுல ஒரு லைட்டு கூட எரியல. நேரா பிட்டுக்கு, அதான் டிராக் ஓரமா வண்டி நிறுத்துற எடத்துக்கு, கொண்டு வந்து இன்ஜினை நிறுத்திட்டேன், அன்னிக்கு அதுக்கு மேல ஓட்டல.

ஆயில் அளவு பாக்கற கம்பி, டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாத்தா ஆயில் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல சரியாத்தான் இருக்கு, ஒரு சொட்டு லீக் இல்ல. எனக்கு ஒண்ணுமே புரியல. பக்கத்து பிட்டுல இருந்த வயசான மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் வந்து பாத்துட்டு, “எண்ணெய் குறையலீங்க தம்பி, எடம் மாறிப்போச்சு”ன்னு சொன்னாரு. இப்ப வரைக்கும் அதை விடத் தெளிவா இந்த விஷயத்தை யாரும் எனக்குச் சொன்னதில்ல.

நான் கோத்தகிரிக்காரன். மேட்டுப்பாளையம் ரோட்டுல இதே ரெண்டு சீட்டு வண்டிய மூணு வருஷமா ஏத்தி எறக்குறேன், இத்தனை வளைவு தாங்குற இன்ஜினுக்கு டிராக் என்ன பெருசுன்னு நெனச்சேன், அந்த நெனப்புதான் தப்பு. கணக்குப் போட்டுப் பாருங்க, 10 மீட்டர் ஆரமுள்ள ஹேர்பின்ல, அதான் கொண்டை ஊசி வளைவுல, 20 கிலோமீட்டர் வேகத்துல திரும்புனா வண்டிய வெளிய தள்ளுற விசை சுமார் 0.3 ஜி (1 ஜின்னா வண்டியோட எடை அளவு விசை), இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி, அதான் சேம்பர், அதுக்குள்ள ஆயில் மட்டம் ஒரு 17 டிகிரி சாயும், அவ்வளவுதான். டிராக்ல நல்ல ஒட்டுற டயர் போட்டு 1 ஜி வந்துச்சுன்னா அதே ஆயில் 45 டிகிரி சாஞ்சு ஒரு பக்கச் சுவத்துல ஏறி நிக்கும், நடுவுல பம்ப் ஆயிலை உறிஞ்சுற ஸ்ட்ரெய்னர் வாய் காத்துல திறந்து கெடக்கும். இதுக்கு மேல ஹேர்பின்ல இன்ஜின் சுத்துறது 2000 ஆர்பிஎம், டிராக்ல 6000, அந்த சுத்துல பம்ப் நிமிஷத்துக்கு 30, 40 லிட்டர் தள்ளும், சேம்பர்ல இருக்கறதே நாலு லிட்டர்தான், அதுலயும் கொஞ்சம் இன்ஜின் மேல்பாகம், ஹெட்டுக்குப் போயி இன்னும் கீழ வடியாம நிக்கும். பம்புக்கு ஆயில் இல்லாமப் போக அஞ்சு, ஆறு செகண்டு நீளமான ஒரு வளைவு போதும்.

இன்ஜின்ல சுத்துற தண்டு கிராங்கும் அதைத் தாங்குற பேரிங்கும் ஒண்ணை ஒண்ணு தொடவே கூடாது, நடுவுல தலைமுடிய விட மெல்லிசா ஒரு ஆயில் படலம் தாங்கிட்டு இருக்கு. பம்ப் காத்தை உறிஞ்சுனா அந்தப் படலம் போயிடும், உலோகம் மேல நேரா உலோகம், மொதல்ல போறது பெரும்பாலும் பிஸ்டனை கிராங்கோட சேக்கற கனெக்டிங் ராடோட பேரிங். ஆயில் ஃபில்டரை அறுத்துப் பிரிச்சுப் பாத்தோம், மடிப்புக்குள்ள மினுமினுன்னு ரெண்டு மூணு துகள். வயிறு கலங்கிடுச்சு. இன்ஜினை எறக்கி பேரிங் மாத்துனோம், நல்லவேளை கிராங்குல கீறல் விழல.

எங்கப்பா ஜீப்புல பால் சொசைட்டிக்கு கேன் கொண்டு போவாரு, கேன் வாய்ல கொஞ்சம் வைக்கோலைச் சுருட்டிப் போட்டுருப்பாரு, வளைவுல பால் அலம்பாது. ஆயில் சேம்பருக்குள்ள வைக்கிற பேஃபிளும் அதே வேலைதான். ஸ்ட்ரெய்னரைச் சுத்தி தகட்டுல ஒரு பெட்டி, அதுல உள்பக்கமா மட்டும் திறக்கிற சின்னச் சின்ன கதவு, வளைவுல ஆயில் உள்ள வரும், வெளிய ஓடப் பாத்தா கதவு சாத்திக்கும். டிராக்குக்குப் போறவங்க மொதல்ல காசு போட வேண்டியது இதுலதான், டயர்ல இல்ல. டயர் நல்லா ஒட்ட ஒட்ட ஆயில் இன்னும் அதிகமாத்தான் சாயும், ஆனா பாதிப் பேரு டயரை மாத்திட்டு சேம்பரை மறந்துடறாங்க.

ஆயிலை டிப்ஸ்டிக் மேல் கோடு வரைக்கும் ஊத்திட்டுப் போங்க. அதுக்கு மேல ஊத்தணும்னா உங்க இன்ஜினைத் தெரிஞ்சவர்கிட்ட கேட்டுட்டு ஊத்துங்க, அளவு மீறுனா கிராங்கு அதை அடிச்சு நுரையாக்கிடும், நுரையும் காத்தும் பம்புக்கு ஒண்ணுதான். பேஃபிள் போட்டும் முள்ளு எறங்குதுன்னா அக்யூமுலேட்டர் வைக்கலாம், பிரஷர்ல ஆயிலைச் சேத்து வெச்சிருக்கற உருளை, பம்ப் தடுமாறுற அந்த ரெண்டு மூணு செகண்டுக்கு அது குடுத்து காப்பாத்தும். டிரை சம்ப், அதான் ஆயிலைத் தனித் தொட்டில வெச்சு ஓட்டுற முறை, முழு ரேஸ் வண்டிக்கு, என்ன மாதிரி ஆளுங்களுக்கு அவ்வளவு செலவு தேவையில்ல.

கம்பெனி வெச்ச ஆயில் லைட்டை நம்பவே நம்பாதீங்க, பொதுவா அது அரை பார் அளவுக்கு எறங்குனாத்தான் எரியும், 6000 ஆர்பிஎம்ல அதெல்லாம் ரொம்ப லேட்டு. நான் இப்ப 2 பார்ல எரியற மாதிரி தனியா ஒரு சுவிட்ச் வெச்சு, பெரிய சிவப்பு பல்பு ஒண்ணை ஸ்டியரிங்குக்கு நேரா மாட்டியிருக்கேன், வளைவுல மீட்டரைத் தேடிப் பாக்க யாருக்கு முடியும்?

நம்ம மலைக்காரங்களுக்கு இன்னொண்ணு. எஸ்டேட் ரோட்டுல கல்லு அடிச்சு சேம்பர் அடித்தகடு உள்ள நசுங்கி இருக்கும், சொட்டலைன்னு விட்டுடுவோம். நசுங்குன தகடு ஸ்ட்ரெய்னர் வாயை அடைச்சா, நேர் ரோட்டுலயே பம்புக்கு ஆயில் பத்தாது. என் சேம்பரைக் கழட்டுனப்ப அதுலயும் ஒரு குழி இருந்துச்சு. தட்டி நிமித்தாம வேற சேம்பரே மாத்திட்டேன்.

போன ஞாயித்துக்கெழமை அதே வளைவுல இருபது லேப் ஓட்டுனேன். முள்ளு மூணரைக்குக் கீழ எறங்கல, பல்பு எரியல, வீட்டுக்கு வந்து ஃபில்டரை அறுத்துப் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு.