கோயில் கூடத்தில் ஊளையிட்ட கித்தார்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வெள்ளிக்கிழமை பஜனையில், ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் நடுவே கித்தாரோடு உட்காருபவன் நான். குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், சாதாரண அகூஸ்டிக் கித்தார் போதுமா, பிளக் சொருகும் எலக்ட்ரோ-அகூஸ்டிக் வாங்க வேண்டுமா என்று சென்ற வாரம் கேட்டார்.

நான் முதலில் வாங்கியது பிளக் சொருகும் வகைதான், அதுவும் இருந்தவற்றிலேயே மலிவானது. கொடுத்த பணத்தில் ஒரு பங்கு, அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்அப்புக்கும் அதை வலுப்படுத்தும் ப்ரீஆம்புக்கும் போய்விட்டதால், மேற்பலகை ஒட்டுப்பலகையாகவே இருந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு வீட்டில் வாசித்தால் நாதம் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். அதே விலைக்குப் பிளக் இல்லாத கித்தார் வாங்கியிருந்தால், ஸ்ப்ரூஸ் என்ற மரத்தில் முழுப்பலகையாக அறுத்த மேற்பலகையே கிடைத்திருக்கும். (ஒட்டுப்பலகையையும் அடியோடு இகழ்வதற்கில்லை: எங்கள் கடற்கரையின் கோடைக்கால ஈரக்காற்றில் முழுமரப் பலகை உப்பி, தந்திகள் விரலுக்கு எட்டாமல் உயர்ந்துவிடும், ஒட்டுப்பலகை அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது.)

பெரும்பாலான எலக்ட்ரோ-அகூஸ்டிக் கித்தார்களில், பிரிட்ஜின் மீது தந்திகள் தாங்கி நிற்கும் சேடிலுக்கு அடியில் பிக்அப்பாக ஒரு பீசோ பட்டை இருக்கும். அதிர்வின் அழுத்தத்தை அது மின்னழுத்தமாக மாற்றும். அந்தச் சமிக்ஞை மிகவும் நலிந்தது என்பதால் ப்ரீஆம்பும், அதற்கு 9 வோல்ட் பேட்டரியும் வேண்டும். கேபிள் சொருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதை, பாதிப் பாட்டில் ஒலி நின்றுபோன ஒரு நாளில்தான் கற்றுக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய தொல்லை ஊளை. ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் மேற்பலகையை அதிரச் செய்ய, அந்த அதிர்வைப் பிக்அப் திரும்பவும் ஒலிபெருக்கிக்கே அனுப்ப, கித்தாரின் கூடு இயல்பாக முழங்கும் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய சுரத்தில் அது வட்டமிட்டு வளர்ந்துவிடும். எங்கள் கூடத்தில் ஒலிபெருக்கி என் முதுகுக்குப் பின்னால் இருந்ததுதான் காரணம். அதை எனக்கு முன்னே நகர்த்தி, ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்ததும் பெரும்பாலும் அடங்கியது. மீதியை, அந்த ஒரு சுரத்தை மட்டும் குறைக்கும் நாட்ச் வடிகட்டி பார்த்துக்கொண்டது.

பிக்அப்புக்குப் பதிலாக மைக் வைத்தால் மரத்தின் நாதம் அப்படியே வரும் என்பது உண்மை, ஆனால் பக்கத்து மிருதங்கமும் அதில் சேர்ந்தே வரும். எலக்ட்ரிக் கித்தாருக்கான ஆம்ப் இதற்கு ஒத்துவராது. அதன் ஸ்பீக்கர் மேல்சுரங்களின் மினுமினுப்பை விழுங்கிவிடும். கித்தாரின் சமிக்ஞையை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பெட்டி வழியாகக் கூடத்தின் மிக்ஸரில் இணைப்பதே எனக்குப் பிடித்த வழி. மின்வெட்டு நாட்களுக்கென்று மட்டும் பேட்டரியில் ஓடும் சிறிய அகூஸ்டிக் ஆம்ப் ஒன்றை வைத்திருக்கிறேன்.

தம்பி இன்னும் ஆறு மாதமாவது வீட்டில்தான் பழகப்போகிறார். ஆகவே நல்ல மரமுள்ள சாதாரண கித்தாரையே வாங்கச் சொன்னேன்; ஒலித்துளையில் பொருத்தும் காந்தப் பிக்அப்பைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அது எஃகுத் தந்திக்கே வேலை செய்யும், நைலான் தந்திக்குச் செய்யாது. சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போகிறோம். எதை எடுத்தாலும் பிளக் சொருகாமலேயே முதலில் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.