எட்டு நிமிடம்

2025 பெப்ரவரி 3
இன்றைக்கும் சட்டையில் இரத்தம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குளியலறை வாளியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பெப்ரவரி 5
அம்மாவின் தோலில் புற்றுநோய்க் கட்டிகள் 11. போன மாதம் 7. பெரியது புளியங்கொட்டை அளவு.

பெப்ரவரி 6
லண்டன் ஹாரோவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ். சிகிச்சையின் பெயர் எலெக்ட்ரோகீமோதெரபி. டொக்டர் படம் கீறிக் காட்டினார். மருந்தின் பெயர் பிளியோமைசின். கலத்துக்குள் போய்விட்டால் டிஎன்ஏயை வெட்டிவிடுமாம், ஆனால் சவ்வைத் தாண்டி உள்ளே போகத்தான் அதனால் முடிவதில்லை. அதற்குத்தான் மின்துடிப்பு. கட்டிக்குள் ஊசிகளை இறக்கி எட்டுத் துடிப்பு. ஒவ்வொன்றும் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சவ்வில் நுண்துளைகள் திறக்கும், மருந்து நுழையும், கொஞ்ச நேரத்தில் துளைகள் மூடிக்கொள்ளும். அந்த இடத்து இரத்தக் குழாய்களும் சுருங்குமாம். கசிவு நிற்கும் என்றார். அது போதும் எனக்கு.

அம்மா பஸ்ஸில் கேட்டா: "கரண்ட் பிடிச்சால் சாகமாட்டனே பிள்ளை?" மயக்கிவிட்டுத்தான் செய்வார்கள் என்றேன். சென்ரிமீற்றருக்கு 1000 வோல்ட் என்பதைச் சொல்லவில்லை.

பெப்ரவரி 9
தூக்கம் வரவில்லை. இரவு 2 மணிவரை வாசித்தேன். இந்தச் சிகிச்சையை முதலில் மனிதர்களுக்குச் செய்தது பாரிஸுக்குப் பக்கத்தில், குஸ்தாவ் ரூசி புற்றுநோய் ஆஸ்பத்திரியில். லூயிஸ் மீர் குழுவின் கட்டுரை 1991இல் வந்திருக்கிறது. 2006இல் ஐரோப்பா முழுவதற்கும் ஒரே செய்முறை. 2013இல் இங்கே நைஸ் (எந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்று சொல்லும் அமைப்பு) வழிகாட்டல், தோலுக்குப் பரவியவற்றுக்கு.

தோலுக்கு. எங்கே திரும்பினாலும் இந்தச் சொல்லில்தான் வந்து நிற்கிறேன். ஊசி தொடும் இடத்தில்தான் வேலை செய்யும். ஈரலில் இருப்பதை அது தொடாது. டொக்டர் மறைக்கவில்லை, தெளிவாகத்தான் சொன்னார். நான்தான் கசிவு நிற்கும் என்றதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவும் அதைத்தான் பிடித்திருக்கிறாவா, அல்லது எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறாவா? கேட்கவேண்டும். கேட்டால் என்ன சொல்வது?

பெப்ரவரி 11
நுரையீரல் சோதனை. இந்த மருந்து நுரையீரலைத் தழும்பாக்கக்கூடும் என்பதால். குழாயில் ஊதி ஊதி அம்மா களைத்துப் போனா. பரவாயில்லை என்றார்கள்.

பெப்ரவரி 18
காலை 9.15க்கு உள்ளே கொண்டுபோனார்கள். நரம்பில் மருந்து ஏற்றி எட்டு நிமிடம் காத்திருக்கவேண்டும், உடம்பெங்கும் பரவ. 28 நிமிடத்துக்குள் எல்லாத் துடிப்பும் முடியவேண்டும். எப்போது ஏற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே கடிகாரத்தைப் பார்த்து, இப்போதுதான் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்து எட்டு எண்ணினேன். முடிந்ததும் இன்னொரு எட்டு. எத்தனை தரம் என்று தெரியவில்லை.

11.40க்கு கண் திறந்தா. "தேத்தண்ணி" என்றா.

பெப்ரவரி 19
ஒரு கிழமைக்காவது சொறியக்கூடாது. சொறிந்த இடமெல்லாம் கபிலக் கோடு விழுமாம், போகாமலே இருந்துவிடலாமாம். சுடுதண்ணீரில் கையை வைத்து ஒவ்வொரு நகமாக வெட்டிவிட்டேன். சுண்டுவிரல் நகத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. இந்த விரல்களால்தான் எனக்குத் தலை பின்னியது.

பெப்ரவரி 22
முதுகில் இரண்டு கோடு. நித்திரையில் சொறிந்திருக்கிறா. எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன்.

பெப்ரவரி 23
மன்னிப்புக் கேட்டேன். "விடு பிள்ளை, முதுகை ஆர் பாக்கிறது" என்றா.

மார்ச் 2
சட்டையில் ஒன்றும் இல்லை. நாலாவது நாள்.

மார்ச் 9
மணம் கூடியிருக்கிறது. கட்டி செத்துக் கருகும்போது அப்படித்தான் என்கிறார் தாதி. ஜன்னலைத் திறந்தால் அம்மாவுக்குக் குளிர். மூடினால் அம்மா என் முகத்தைப் பார்க்கிறா. மூடியே வைத்திருக்கிறேன்.

மார்ச் 24
பெரியதின் பொருக்கு கட்டுத்துணியோடு கழன்று வந்துவிட்டது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். அம்மா கண்ணாடி கேட்டா. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு, "அப்ப ஈரலுக்கு எப்ப செய்வினம்?" என்றா.

நாளை ஸ்கான் முடிவு. 10.40க்கு.