இரும்பா, அலுமினியமா: 1,460 கிலோமீட்டர் குறிப்புகள்

0 கி.மீ.

போன மழைக்காலத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாயின் தொடக்கத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் இழுத்தேன், வரவில்லை. நகத்தால் சுரண்டினேன், நகம் மாட்டியது. வெல்டிங் தையலை ஒட்டி ஓடிய விரிசல் அது. ஏழு வருடம் என்னைச் சுமந்த அலுமினிய மவுண்டன் பைக்கின் ஆயுள் அங்கே முடிந்தது.

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வெல்டிங்குக்கு ஆள் தேடினால் சிரிப்பார்கள். கணபதியில் தெரிந்த பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆர்கான் வெல்டிங்கில் கை தேர்ந்த அண்ணன் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஒட்டித் தந்துவிடலாம் தம்பி. ஆனால் ஒட்டின இடத்தைச் சுற்றி மெழுகு மாதிரி இளகிவிடும். மலையில் இறங்கும்போது என்னைத்தான் திட்டுவீர்கள்."

காசு வரும் வேலையை வேண்டாம் என்று சொன்னதால் அவர் மேல் மரியாதை கூடியது. 6061 ரக அலுமினியத்தைப் பற்றவைத்த பிறகு, பிரேம் முழுவதையும் சுமார் 530 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்தால்தான் பழைய பலம் திரும்பும். பட்டறையில் அவ்வளவு பெரிய உலை கிடையாது.

இன்னும் 0 கி.மீ.

மூன்று வாரம் ஓட்டாமல் கணக்கு மட்டும் போட்டேன். எனக்கு வேண்டியது பந்தயச் சைக்கிள் அல்ல. பின்னால் 12 கிலோ மூட்டையுடன் ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர், கெட்ட சாலை, நல்ல ஏற்றம். அதற்கு அகல டயரும் சின்ன கியரும் உள்ள மவுண்டன் பைக் பொருத்தம் என்பதில் சந்தேகம் இல்லை. எந்த உலோகம் என்பதுதான் கேள்வி.

டைட்டானியம் ஆசையாக இருந்தது. துருப்பிடிக்காது, எடை எஃகில் பாதியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். விலையைப் பார்த்ததும் ஆசையை மடித்து வைத்துவிட்டேன். கார்பன் நார் பிரேமைச் சிலர் ஏளனம் செய்வார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. 2017-இல் பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் மார்க் பியூமான்ட் 79 நாட்களுக்குள் உலகைச் சுற்றி வந்தது கார்பன் சைக்கிளில்தான். ஆனால் அவர் பின்னால் வண்டியில் ஒரு குழுவே வந்தது. என் பின்னால் வருவது தெருநாய் மட்டுமே. பையின் பட்டையில் மணல் சேர்ந்து நாள் முழுக்க உரசினால் கார்பன் பிரேமில் பெயிண்ட் போய் உள்ளிருக்கும் கார்பன் நாரையே அரிக்க ஆரம்பிக்கும். கீழே விழுந்தால் உள்ளே என்ன ஆயிற்று என்று வெளியே தெரியாது. காசால் தட்டித் தட்டி, சத்தம் எங்கே மந்தமாகிறது என்று கேட்க வேண்டும். அந்தக் கவலையோடு மலை இறங்க எனக்குத் தைரியம் இல்லை.

மிச்சம் இருந்தவை எஃகும் அலுமினியமும். அலுமினியம் எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் அலுமினியக் குழாய்கள் அவ்வளவு பருமனாக இருக்கின்றன. இன்னொரு வித்தியாசமும் உண்டு. எஃகுக்கு ஓர் எல்லை இருக்கிறது; அதற்கு உட்பட்டு எத்தனை லட்சம் முறை அதிர்ந்தாலும் அது மனதில் வைத்துக்கொள்ளாது. அலுமினியம் மளிகைக் கடை நோட்டுப் புத்தகம் மாதிரி, ஒவ்வொரு குழியையும் எழுதிவைத்துக்கொள்ளும். நல்ல கம்பெனிக்காரர்கள் குழாயைத் தடிமனாக்கி, அந்த நோட்டு நிரம்ப நெடுங்காலம் ஆகும்படி செய்துவிடுகிறார்கள். என் நோட்டு ஏழு வருடத்தில் நிரம்பிவிட்டது.

ஊட்டியில் ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் பத்து வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குரோமோலி பிரேம் கிடைத்தது. 26 அங்குலச் சக்கரம், கேரியர் மாட்டத் திருகுத் துளைகள், ஸ்டிக்கரில் 4130 என்ற எண். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு அது. குழாயை நகத்தால் சுண்டிக்கொண்டே போனால் நடுவில் கணீர் என்று கேட்கிறது. முனைக்கு அருகில் சத்தம் அடங்குகிறது. பற்றவைக்கும் முனைகளில் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுத்த குழாய். சுண்டிப் பார்த்த அந்த நிமிடமே விலை பேசும் திறமை என்னைவிட்டுப் போய்விட்டது.

பழைய பேப்பர்க் கடைத் தராசில் இரண்டையும் வைத்தேன். அலுமினியம் 1.9 கிலோ, எஃகு 2.5 கிலோ. வித்தியாசம் ஒரு பாட்டில் தண்ணீருக்கும் குறைவு.

இன்னமும் 0 கி.மீ. (வெட்கமாக இருக்கிறது)

பெடல் அச்சைக் கழற்ற ஒரு மாலை முழுவதும் போயிற்று. அச்சை இரு பக்கமும் பிடித்திருக்கும் திருகு வளையங்களில் (கப்) இடப்பக்கத்தது சமர்த்தாக வந்தது. சங்கிலிப் பக்க கப் மட்டும் அசையவில்லை. பானாவில் இரண்டடிக் குழாயைச் செருகி, ஏறி நின்றேன். பிறகுதான் உறைத்தது: அந்தப் பக்கம் மரை தலைகீழ். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் நான் அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உள்ளே செம்மண் மாதிரி துரு. சுரண்டி, கழுவி, காயவைத்து, பெயிண்ட் கடையில் வாங்கிய ஆளிவிதை எண்ணெயை எல்லாக் குழாய்க்குள்ளும் ஊற்றி, பிரேமைச் சுற்றிச் சுற்றிக் கவிழ்த்தேன். அந்த எண்ணெய் காய்ந்தால் உட்சுவரில் தோல் போலப் படிந்துவிடும். நான்கு நாள் வராந்தாவில் வடியவிட்டேன். "கதவுக்கு வார்னிஷ் அடித்த வீடு மாதிரி நாறுகிறது, இதை எப்போது வெளியே எடுப்பாய்?" என்று அம்மா தினமும் கேட்டார். சீட் கம்பி அலுமினியம், பிரேம் எஃகு. இரண்டும் ஈரத்தில் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதால், கிரீஸைத் தாராளமாகத் தடவினேன்.

86 கி.மீ.

எஃகு மெத்தென்று போகும் என்று பத்துப் பேர் சொல்லியிருந்தார்கள். முதல் நாளே எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கார் ஷெட்டிலிருந்து மீட்டு இரண்டு மாதம் உழைத்த பிரேம் வேறு எப்படித் தோன்றும்? அதனால் ஒரு சோதனை.

நண்பனிடம் அதே அளவு அலுமினிய பிரேம் இருக்கிறது. என் சக்கரங்கள், முன்போர்க், சீட், ஹேண்டில் பார் எல்லாவற்றையும் மாறி மாறி இரண்டிலும் மாட்டுவது. குழாய்களைத் தெர்மோகோல் தாள் சுற்றி ஒரே பருமனாக்கிவிடுவது. எது எது என்று சொல்லாமல் அவனை ஓட்டவைப்பது. சிங்காநல்லூர் பக்கம் தோண்டிப் போட்ட ஒரு தெருதான் மைதானம். டயரில் காற்று 55 பி.எஸ்.ஐ. வைத்தபோது இரண்டையும் திட்டினான். இரண்டிலும் 32-க்கு இறக்கியபோது இரண்டையும் புகழ்ந்தான். கடைசியாக அலுமினியத்தில் 32, எஃகில் 55 வைத்துக் கொடுத்தேன். இறங்கி வந்து அலுமினியத்தைத் தட்டிக்கொடுத்து, "இதுதான் எஃகு. என்ன இருந்தாலும் எஃகு எஃகுதான்" என்றான்.

தாளைப் பிரித்ததும் பத்து நிமிடம் பேசவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அவனிடம் கொடுப்பதற்கு முன் நானே ஓட்டிப் பார்த்து அதே தப்பைச் செய்திருந்தேன். இரண்டங்குல டயருக்குள் இருக்கும் காற்று நசுங்கும் தூரத்தோடு ஒப்பிட்டால், முக்கோணமாகப் பற்றவைத்த ஒரு பிரேம் மேலும் கீழும் வளைவது ஒன்றுமே இல்லை. மெத்தென்ற சவாரி வேண்டும் என்பதற்காக மட்டும் பிரேம் மாற்ற நினைப்பவர்கள் முதலில் காற்றடிக்கும் பம்பை எடுக்கலாம்.

298 கி.மீ.

வால்பாறை போய் ஓர் இரவு தங்கித் திரும்பினேன், 212 கி.மீ. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த அறுநூறு கிராம் எங்கே தெரிந்தது என்று கேட்டால், எங்கேயும் தெரியவில்லை. பையில் இருந்த இரண்டாவது ஜீன்ஸ்தான் தெரிந்தது. ஒன்பதாவது வளைவில் மூச்சு வாங்க நின்றபோது கைப்பிடிச் சுவரில் ஒரு வரையாடு. அது ஏறிய சாய்வைப் பார்த்த பிறகு கியரைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

திரும்பி இறங்கும்போது பொள்ளாச்சிக்கு முன்னால் பின்பக்கத்தில் கடகடவென்று சத்தம். கேரியர் மாட்டும் இடப்பக்கத் திருகுக்காது பிரேமிலிருந்து பாதி பிய்ந்து தொங்கியது. மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டி, சாலையோரம் இரும்பு கேட் செய்யும் பட்டறை வரை தள்ளிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் முதலில் கரண்ட் வெல்டிங் கைப்பிடியை எடுத்தார். மெல்லிய குழாய், ஓட்டை விழுந்துவிடும், பித்தளை வைத்து கேஸில் ஒட்ட முடியுமா என்று கேட்டேன். பெரியவர் ஒருவர் உள்ளிருந்து எழுந்து வந்தார். பெயிண்டைச் சுரண்டி, பித்தளைக் கம்பியின் நுனியைச் சூடாக்கி வெங்காரப் பொடியில் தோய்த்தார். எஃகு ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் கம்பியைத் தொட்டார். பித்தளை தேன் போல உருகி இடுக்குக்குள் தானாக இறங்கியது. இருபது நிமிடம், 150 ரூபாய். "அரை மணி நேரம் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

கணபதி அண்ணன் மறுத்த வேலையின் மறுபக்கம் இது. என் தேர்வுக்குக் காரணம் யாராவது கேட்டால் இந்த 150 ரூபாயைத்தான் சொல்வேன்.

1,460 கி.மீ.

கெட்ட செய்தியும் எழுத வேண்டும். பித்தளை ஒட்டிய இடத்தைச் சுற்றிக் கருகிய பெயிண்டை நான் உடனே கவனிக்கவில்லை. இரண்டு மழையில் பழுப்புப் படை வந்துவிட்டது. தேய்த்துவிட்டு, தங்கையின் பச்சை நகப்பூச்சை இரண்டு கை பூசியிருக்கிறேன். அலுமினியமாக இருந்தால் இந்த வேலை இல்லை. மாதம் ஒருமுறை சீட் கம்பியை உருவித் துடைத்துக் கிரீஸ் தடவுவதும், பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும் சின்னத் துளை அடைக்காமல் குச்சியால் குத்திவிடுவதும் வழக்கமாகிவிட்டன. போன ஞாயிறு குத்தியபோது அரை மூடி தண்ணீர் வந்தது, தெளிவாகத்தான் இருந்தது.

டயர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: 26 என்று எழுதியதெல்லாம் ஒரே 26 அல்ல. மவுண்டன் பைக் வளையத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர். ஒன்றே மூன்றெட்டு (1 3/8) அங்குல அகலம் போட்ட சாதா 26-க்கு அது 590. நான் கேட்காமல் வாங்கி வந்த ஒரு ஜோடி வராந்தாவில் தொங்குகிறது. யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், அம்மா சந்தோஷப்படுவார்.