இகுவாசு அருவியும் பரானா ஆற்றங்கரையும்

தென் அமெரிக்காவின் இகுவாசு அருவியைப் பார்க்கக் கிளம்பிய எங்கள் கோவைக் கூட்டம் முதலில் போய் இறங்கிய இடம் சென்னை கிண்டி. பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே பக்கம் போய்த் திரும்புகிறவர்கள் கையில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தியா வந்து இறங்கியதும் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும். கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். கிண்டியில் ஊசி போடும் கிங் இன்ஸ்டிடியூட் வரிசையில் நிற்கும்போதே யாருக்குச் சோறு இல்லாமல் ஆகாது, யார் பைசாவுக்குப் பைசா கணக்குக் கேட்பார் என்பதெல்லாம் தெரிந்துபோயிற்று.

இகுவாசு ஆறு அருவியாக விழுந்து, கொஞ்ச தூரம் ஓடி பரானாவில் கலக்கிறது. கலக்கும் இடத்தில் மூன்று கரை, மூன்று நாடு, கரைக்கு ஓர் ஊர்: அர்ஜென்டினாவில் புவெர்ட்டோ இகுவாசு, பிரேசிலில் போஸ் டொ இகுவாசு, பராகுவேயில் சியுடாட் டெல் எஸ்டேயை ஒட்டிய பிரெசிடென்டே பிராங்கோ. அந்தந்த நாட்டுக் கொடியின் நிறத்தில் கரைக்கொரு தூண் நட்டிருக்கிறார்கள்.

பிரேசில் பக்கமா, அர்ஜென்டினா பக்கமா, எங்கிருந்து அருவியைப் பார்ப்பது என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: பிரேசில் முதலில், அர்ஜென்டினா அடுத்து. அருவிகளில் பெரும்பகுதி அர்ஜென்டினா பக்கம் இருப்பதால், எதிர்க்கரையான பிரேசிலில் நின்றால்தான் முழு அகலமும் தெரியும். கிட்டத்தட்ட 2.7 கிலோமீட்டர் அகலம், 275 அருவிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அர்ஜென்டினா பக்கம் குட்டி ரயிலில் போய் இறங்கி, ஆற்றின் மேலேயே ஒரு கிலோமீட்டருக்கு மேல் இரும்பு நடைபாதையில் நடக்க வேண்டும். ஆறு அங்கே ஒன்றும் அறியாததுபோல அமைதியாகப் போகிறது. நடைபாதை முடிகிற இடத்தில் திடீரென்று தரையே இல்லை. சாத்தானின் தொண்டை என்று பெயர். 80 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் மூன்று பக்கமிருந்தும் கொட்டுகிறது. 2023 அக்டோபர் வெள்ளத்தில் இந்த நடைபாதையே சேதமாகி மூடிக் கிடந்தது.

நான் அங்கே அருவியைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது குருவிகளை. கருஞ்சாம்பல் நிறத்தில், உழவாரக் குருவி இனம். கொட்டுகிற தண்ணீர்த் திரைக்குள் நேராகப் பாய்ந்து மறைந்துவிடுகின்றன. பின்னால் இருக்கும் ஈரப்பாறையில்தான் கூடாம். நடைபாதை ஓரமெல்லாம் குவாட்டி என்கிற நீள்மூக்கு விலங்கின் ராஜ்ஜியம். வளையம் வளையமாகக் கோடு போட்ட வாலை நிமிர்த்திக்கொண்டு கூட்டமாக வரும். ஒன்று எங்கள் அக்கா ஒருவரின் பையில் மூக்கை நுழைத்து, முறுக்குப் பொட்டலத்தை இழுத்துப் போட்டுப் பிரித்தது. "ஏனுங்க, அதைத் துரத்துங்களேன்!" என்று அவர் கத்த, எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். துரத்தவும் கூடாது, கடிக்கும்.

இட்டைப்பு அணையைப் பலர் பட்டியலில் சேர்ப்பதில்லை. மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற சார் ஒருவர் எங்களோடு வந்ததால் நாங்கள் தப்பித்தோம். பரானாவின் குறுக்கே பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து கட்டியது. "மேட்டூர்ல அணை, சுரங்கம் ரெண்டு மின்நிலையமும் சேர்ந்தே 250 மெகாவாட்டுங்க. இங்க ஒரு மெஷினே 700!" என்றார். அப்படி 20 இருக்கின்றன. பத்து 60 ஹெர்ட்ஸில் பிரேசிலுக்கு, பத்து 50 ஹெர்ட்ஸில் பராகுவேக்கு. பராகுவே தன் தேவைக்குப் போக மீதியைப் பிரேசிலுக்கே விற்கிறது. அதிர்வெண் ஒத்துப்போகாததால் அதை நேர்மின்னோட்டமாக மாற்றி சாவோ பாவ்லோ பக்கம் அனுப்புகிறார்கள். சார் அன்றைக்குச் சாப்பிடவே மறந்துவிட்டார்.

இந்த அணைக்காகப் போனது குவாய்ரா அருவி. நீரளவில் நயாகராவைவிடப் பெரியது. 1982 அக்டோபரில் இரண்டே வாரத்தில் அணைநீர் அதை மூடிவிட்டது. அந்த வருடம் ஜனவரியில், மூழ்கும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கூடிய கூட்டத்தின் பாரம் தாங்காமல் அங்கிருந்த தொங்குபாலம் அறுந்து 32 பேர் இறந்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டபின், முந்தின நாள் நடைபாதையில் நாங்கள் இடித்துப் பிடித்து செல்ஃபி எடுத்தது உறுத்தியது.

அப்புறம் தெற்கே, செம்மண் சாலையோரக் காடுகள் வழியாகப் பேருந்து. அர்ஜென்டினாவின் சான் இக்னாசியோவில் ஜெசூட் பாதிரியார்கள் குவாரனி பழங்குடி மக்களோடு வாழ்ந்த குடியிருப்பின் இடிபாடுகளை அவசரமாகப் பார்த்துவிட்டு பொசாதஸ் சேர்ந்தோம். பாலத்தைத் தாண்டினால் பராகுவேயின் என்கார்னசியோன்; சின்ன ரயில் ஒன்று ஓடுகிறது. பரானாவில் இன்னும் கீழே கட்டிய யாசிரெட்டா அணையின் நீரில் இந்த ஊரின் பழைய தாழ்ந்த பகுதி, கடைத்தெருவோடு போய்விட்டது. பதிலுக்குக் கிடைத்ததுதான் இப்போதைய ஆற்றங்கரைச் சாலையும் மணல் கடற்கரை மாதிரியான சான் ஹோசே கரையும். மாலையானால் ஊரே அங்கேதான். குடும்பம் குடும்பமாக நாற்காலி போட்டு, தேயிலை மாதிரி ஊறவைத்துக் குடிக்கும் மாத்தே இலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய தெரெரேயை ஒரே குழலில் மாற்றி மாற்றி உறிஞ்சுகிறார்கள்.

சைவக்காரர்களுக்கு இந்தக் கரையில் கைகொடுப்பது வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு. நம்மூருக்கு அது வந்ததே இந்தக் கண்டத்திலிருந்துதான். அதன் மாவில் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுடும் சிபா சூடாக இருக்கும்வரை அமிர்தம், ஆறினால் ரப்பர். முட்டை சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் யாசிரெட்டா அணையையும் பார்த்தே தீர வேண்டும் என்றார் சார். கை தூக்கச் சொல்லி வாக்கெடுப்பு நடந்தது. அவர் கையைத் தவிர மற்றதெல்லாம் சான் ஹோசே மணலுக்கே விழுந்தன.