அந்தக் காலத்துல நம்ம ஊர்ல ரெண்டு ஆம்பளைங்க ஜோடியா வாழ்ந்திருக்க முடியுமா?

கன்னியாகுமரி மாவட்டத்துல விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பனைவிளைகளை (பனந்தோப்புகளை) வச்சு யோசிச்சா, முடியும்னுதான் தோணுது. ஆனா அந்த உறவுக்குப் பேர் வைக்காம.

பனைத்தொழிலுக்கு ரெண்டு பேர் கட்டாயம் வேணும். ஒருத்தன் காலையும் மாலையும் பனையேறிப் பாளை சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவின கலயத்துல அக்கானி (பதநீர்) இறக்கணும். இன்னொருத்தன் அன்னைக்கே காய்ச்சணும், தாமதிச்சா புளிச்சிரும், கருப்பட்டி கிடைக்காது. அதனால பனைக்காலத்துல விளைக்குள்ள ஓலைக்குடில் போட்டு ரெண்டு ஆம்பளைங்க தங்கினா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. 'கூட்டுக்காரன்'ங்கிற ஒரு சொல் போதும். (காய்ச்சுறது பெரும்பாலும் பொம்பளைங்க வேலை, அதுக்கு மட்டும் ஒரு சாக்கு சொல்லணும்.)

சிக்கல் போலீஸ்ல இருந்து வந்திருக்காது, சொக்காரங்ககிட்ட (பங்காளிங்ககிட்ட) இருந்துதான் வந்திருக்கும். முதல்ல கல்யாணப் பேச்சு. அதைத் தாண்டினாலும் ஒருத்தன் செத்த அன்னைக்கே விளை போயிரும். ரெண்டு பேர் பேர்லயும் கிரயம் முடிச்சிருந்தாலும் செத்தவன் பங்கு அவன் குடும்பத்துக்குத்தான். உயில் எழுதி வச்சா அதைத் தடுக்கலாம். அதுக்கு ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். அந்த ரெண்டு பேரை எங்க போய்த் தேடுவான்?

ஆணும் ஆணும் சேர்றதைக் குற்றம்னு வச்சிருந்த சட்டப்பிரிவு 377, 2018 செப்டம்பர் 6-ல தளர்ந்தது. 2023 அக்டோபர்ல இப்படிப்பட்ட ஜோடிகளுக்குக் கல்யாண உரிமை இல்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அதனால இன்னைக்கும் உயில் எழுதித்தான் ஆகணும். பதிவு கட்டாயமில்லை, ஆனா சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சு வச்சுக்கோங்க.